படமே இல்லாத விளையாட்டைச் செய்த ஜெசிந்தா

சென்ற மாதம் ஒரு காலை, சென்னையில் அலுவலகத்துக்குள் நுழையும்போது ஜெசிந்தாவின் அண்ணன் போனில் கூப்பிட்டார். "பாப்பா போயிருச்சும்மா" என்றார். ஜெசிந்தாவை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். காய்ச்சல் என்று அவளைத் திருச்சியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தது எனக்குத் தெரியும். முந்தின நாள்தான், "சீக்கிரம் வீட்டுக்குப் போயிருவேன்" என்று குரல் செய்தி அனுப்பியிருந்தாள். அவள் ஊரான ஆவூருக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கல்லறையில் மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

புதுக்கோட்டையில் எங்களுடன் படித்தவர்களுக்கு அவளை நினைவிருக்கும். வீடியோ கேம் செய்யக் கற்றுக்கொள்ள வந்த எல்லோரும் படம் வரையவே ஆசைப்பட்டோம். ஒலி அமைப்பை அவள்தான் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஏன் என்று கேட்டேன். "எங்கண்ணனுக்குக் கண்ணு தெரியாது. நான் வெளையாடுறப்பல்லாம் பக்கத்துல ஒக்காந்து என்னாச்சு, என்னாச்சுன்னு கேக்கும். அது தானா வெளையாடணும்" என்றாள்.

கடைசி வருட ப்ராஜெக்டாக அவள் செய்தது படமே இல்லாத விளையாட்டு. கறுப்புத் திரை, காதில் ஹெட்போன். பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒருவன் சத்தங்களை மட்டும் வைத்து வீடு போய்ச் சேர வேண்டும். "படமில்லாம எதைப் பாத்து மார்க் போடுறது?" என்றார் ஆசிரியர். "கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க சார்" என்றாள். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

காலடிச் சத்தத்துக்காக நார்த்தாமலைக்குப் போனோம். நான் வெறுங்காலுடன் பாறையில் நடக்க, அவள் குனிந்தபடி மைக்கைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாறை சுட்டதால் துள்ளித் துள்ளி நடந்தேன். "வீட்டுக்குப் போறவன் நடக்குற மாதிரி இல்லடி, வெரட்டுனா ஓடுற மாதிரி இருக்கு" என்றாள். மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு அவளே நடந்தாள். அந்த விளையாட்டில் கேட்பது அவளுடைய காலடிகள்தான்.

தயாரானதும் அண்ணனிடம் கொடுத்தாள். பாதை முழுக்க அவளே அமைத்த இசை ஓடும். அவள் செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். விளையாட்டில் வழியில் வரும் கிணற்றில் அண்ணன் திரும்பத் திரும்ப விழுந்தார். கடைசியில் ஹெட்போனைக் கழற்றி, "பாட்டு நல்லாருக்கு பாப்பா. ஆனா கெணத்து உருளைச் சத்தம் அதுல முங்கிப்போவுது" என்றார்.

ஜெசிந்தா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி இசையை முழுவதுமாக எடுத்துவிட்டாள். "கொஞ்சம் கொறச்சு வச்சாப் போதாதா?" என்று கெஞ்சினேன்.

"பாட்டு எனக்குடி. வழி அண்ணனுக்கு."

அடுத்த முறை அவர் யாரையும் கேட்காமல் வீடு போய்ச் சேர்ந்தார். கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். ஜெசிந்தா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

படிப்பு முடிந்து நான் சென்னைக்கு ஒலிப்பதிவு வேலைக்கு வந்தேன். அவள் அண்ணனை விட்டு வர மனமில்லாமல் வீட்டிலிருந்தே வேலை செய்தாள். ஊருக்கு வரும்போதெல்லாம் இலுப்பூரில் எங்கள் வீட்டுக்குப் போவதற்கு முன்பே ஆவூரில் இறங்கிவிடுவேன். "நாளைக்குப் போலாம், இரு" என்பாள். அந்த நாளையும் அப்படியே போகும். இனி நான் அந்த நிறுத்தத்தில் எதற்கு இறங்குவேன்?

ஒரு சத்தத்தைப் பதிவு செய்து முடித்ததும் அவள் ரெக்கார்டரை உடனே நிறுத்த மாட்டாள். "எல்லாம் அடங்குன பெறகு என்ன கேக்குதுன்னு பாப்போம்" என்று அசையாமல் நிற்பாள். அவளிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தப் பழக்கம். இப்போதும் ஸ்டுடியோவில் பதிவு முடிந்ததும் கையை உயர்த்தி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்கிறேன். யாரோ மூச்சு விடுவது கேட்கும். "ம், இப்ப நிறுத்து" என்று அவள் சொல்வதற்காகக் காத்திருக்கிறேன். பிறகு நானே நிறுத்துகிறேன்.