மணி வைத்த சட்டை

பேத்தி தன் குழந்தை ஓடிவிடாமல் பிடித்துக்கொள்ள வாங்கிய வார்ச்சட்டையைப் பிரித்ததும் புது ரப்பர் வாசனை வந்தது. எனக்கு மலாயாவில் நியாலாஸ் பக்கத்து எஸ்டேட் நினைவுக்கு வந்துவிட்டது.

காட்டில் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகளை வெள்ளைக்காரர் ராணுவம் வேட்டையாடிய அவசரகாலம். முள்கம்பிக்குள் எங்கள் லயன் வீடுகள். வெளியே ரப்பர் மரங்கள், அதற்கப்பால் காடு. வேலை நேரத்தில் குழந்தைகளை விடும் பிள்ளைக் கொட்டகையை மூடிவிட்டதால், அம்மா தம்பிக்கு மாவுச் சாக்கில் ஒரு சட்டை தைத்தாள். முதுகில் சைக்கிள் டியூப் வார், நெஞ்சில் கொலுசு மணிகள். வாரை மரத்தில் கட்டிவிட்டு, மணிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ரப்பர் பால் வெட்டுவாள்.

ஒரு காலை மணிச் சத்தம் நின்றது. நானும் அம்மாவும் ஓடினோம். துப்பாக்கிக்காரன் ஒருவன் தம்பியை மடியில் வைத்து, மணிகளைப் பொத்திப் பிடித்திருந்தான்.

"டியாம்லா" என்று மலாயில் அம்மாவை அடக்கினான். ரோட்டில் ராணுவ லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. அது போனதும் தம்பியை இறக்கிவிட்டுக் காட்டுக்குள் மறைந்தான்.

மதியம் கேட்டில் சிப்பாய்களோடு நின்ற, எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி கேட்டார். "யாரையாச்சும் பாத்தியா, செல்லம்மா?"

"இல்லீங்கய்யா. மரத்தத்தான் பாத்தேன்."

என் கையை அவள் இறுக்கிய இறுக்கலில் விரல்கள் வலித்தன.

மறுநாளிலிருந்து தம்பியை முதுகில் சுமந்தே பால் வெட்டினாள். முள்கம்பியைப் பிரித்த பிறகும் அவனை இறக்கிவிட அவளுக்கு மனம் வரவில்லை.