தொரிபியோவுக்கு அகப்படாத குறை

எங்கள் ஊர் சுக்கிசாகாவில் பாதிரியார்கள் நடத்திய பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கப் படிப்பு மட்டும் போதாது. பட்டமளிப்பன்று பேராசிரியர் ஒருவர் எழுந்து, பட்டம் பெறுபவரை ஊர் முன்னால் குறை சொல்லிக் கேலி பேசிக் கிழி கிழியென்று கிழிப்பார். தலைக்கனம் ஏறாமலிருக்க அப்படியொரு ஏற்பாடு. அதன் பிறகுதான் தலையில் தொப்பி.

தொரிபியோ இறையியலைக் கரைத்துக் குடித்தவர். ஆனால் அவரைக் கேலி செய்ய வேண்டிய பாதிரியார் லுபெர்சியோ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்ப்பா, உனக்கு மூக்காவது கோணலா இருக்கக் கூடாதா? குடி கெடயாது, சண்ட கெடயாது, குறட்டகூட இல்லயாம். நான் என்னத்தப் பேசுறது?"

"மன்னிச்சுக்குங்க ஃபாதர். ஒரு வாரம் குடுங்க, ஏதாவது தேத்திக்கிட்டு வர்றேன்."

முதலில் மெல்சோராவின் கடைக்குப் போய்ச் சோளக் கள்ளை மடமடவென்று குடித்தார். போதை தலைக்கேறியதும் எழுந்துபோய், கடையிலிருந்த எச்சில் குவளைகளையெல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"இந்தப் புண்ணியவான் தெனமும் குடிக்க வரட்டும்" என்றாள் மெல்சோரா.

அடுத்து, ஊரில் எல்லோரையும் உதைத்துத் தள்ளும் கோவேறு கழுதையை வாடகைக்குப் பிடித்தார். சந்தை நடுவில் விழுந்து மானம் போகட்டும் என்று ஏறினால், அது சப்பரம் தூக்குவதுபோலப் பதமாக நடந்தது. கடைசியாக, விதவை காசில்தாவின் ஜன்னலடியில் காதல் பாட்டுப் பாடப் போனார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் கோயில் பாட்டு. காசில்தா வீட்டாரோடு முழங்கால் போட்டு ஜெபித்துவிட்டு, ஒரு தட்டு நிறையப் பணியாரம் கொடுத்தனுப்பினாள்.

பட்டமளிப்பு நாள் வந்தது. லுபெர்சியோ எழுந்தார், இருமினார், "எனக்கு ஒண்ணும் ஆப்புடல" என்று உட்கார்ந்துவிட்டார்.

"கேலி இல்லாம தொப்பி கெடயாது" என்றார் பல்கலைக்கழகத் தலைவரான ரெக்டர்.

தொரிபியோவுக்கு அழுகை முட்டியது. "நான் என்ன பண்ணுவேன் சாமி? எம்புட்டோ முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்" என்று தொடங்கி, கள்ளுக்கடை, கழுதை, பணியாரம் எல்லாவற்றையும் விக்கி விக்கிச் சொன்னார். கூட்டம் சிரித்துப் பெஞ்சில் உருண்டது. இந்தக் கேலியே போதுமென்று ரெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் தலையில் தொப்பியை வைத்ததில் அது காதுவரை இறங்கிவிட்டது.

அந்தப் பேச்சைத் தானே எழுதிக் கொடுத்ததாக லுபெர்சியோ பின்னால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். "சும்மாவா விட்டீங்க?" என்று நான் தொரிபியோவிடம் கேட்டேன்.

"பாவம், சொல்லிட்டுப் போகட்டும்" என்றார். "கைதட்டு வாங்கி அவருக்கும் ரொம்ப நாளாச்சு."