ஆர்தர் கிணறு

லோயிஸ் திருப்பதியில் என்னோடு ஒரே விடுதி அறையில் இருந்தவள். கங்காதர நெல்லூர்க்காரி. எழுபதுகளின் நடுவில் அவள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சியைக் கேட்டு எங்கள் துறையே சிரித்தது: ஏழை நாடுகளில் சண்டை ஏன் மூள்கிறது, வளர்ச்சி வந்தால் அது ஓயுமா? "உங்க ஊரு பங்காளிச் சண்டையே ஓயல, நீ உலகத்தைப் பாக்கப் போறியா?" என்று நானும் கிண்டல் செய்திருக்கிறேன். அவள் அசைய மாட்டாள். கொரியா, காங்கோ, வியட்நாம் என்று அடுக்கிக்கொண்டே போவாள்.

ஒரு விடுமுறைக்கு அவள் வீட்டுக்குப் போனபோதுதான் எனக்குப் புரிந்தது. மழை பொய்த்த ஒரு வருடம் அவள் அண்ணன் ஆர்தர் பட்டாளத்தில் சேர்ந்தான். எழுபத்தொன்றாம் வருட யுத்தத்தில் காணாமல் போனான். உடல் வரவில்லை. பிடிபட்டவர்கள் திரும்பிய பிறகு, இறந்ததாகவே வைத்துக்கொள்ளச் சொல்லி சர்க்கார் உதவிப்பணம் அனுப்பியது. அப்பா அதில் கிணறு வெட்டி மோட்டாரும் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். தெருவுக்கே அந்தத் தண்ணீர்தான். அம்மா ஜெபமணி மட்டும் ஒரு சொட்டுக் குடிக்க மாட்டாள். குடித்தால் மகன் செத்ததை ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊருக்கு வெளியே செங்கம்மா என்பவளின் நிலத்துப் பழைய கிணற்றுக்கு நடப்பாள். மோட்டார் ஓடத் தொடங்கினால் போதும், வாசலைத் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வை எனக்குப் பயமாக இருந்தது.

சர்ச்சில் ஞாயிறுதோறும் போதகர் ஐயர் தூரத்தில் இருப்பவர்களுக்காக ஜெபிக்கும்போது ஆர்தர் பெயரையும் சொல்வார். நவம்பரில் இறந்தவர்கள் பெயரை வாசிக்கும் ஆராதனையில் அது வராது. ஜெபமணி விடமாட்டாள்.

"பிடிபட்டவங்க எல்லாரும் வந்துட்டாங்கம்மா. நான் படிச்சிக்கினு கீறதே இதைத்தான். பஞ்சம் அவனைப் பட்டாளத்துக்கு அனுப்பிச்சி. பட்டாளம் நமக்குக் கெணறு அனுப்பிச்சி. நைனாவே ஒத்துக்கினாரு, நீ ஏன் ஒத்துக்க மாட்ற?" என்றாள் லோயிஸ்.

"நீ படி. எம்புள்ள வருவான்."

பெற்றவளிடம் இப்படியா பேசுவது? எனக்கு ஆத்திரமாக வந்தது. திரும்பும்போது ரயிலில் சொல்லியேவிட்டேன்: "அவ்ளோ உறுதின்னா உங்க கெணத்தையும் ஆராய்ச்சியில எழுதேன்." அவள் கடைசிவரை எழுதவே இல்லை.

எண்பதுகளில் ஒரு கோடையில் பழைய கிணறு வற்றியது. ஜெபமணி படுத்த படுக்கையாக இருந்தாள். நான் பார்க்கப் போயிருந்த அன்று லோயிஸ் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"எந்தக் கெணத்துத் தண்ணி?"

"செங்கம்மா கெணறுதாம்மா."

அங்கே சேறுகூட இல்லை என்பது ஜெபமணிக்கும் தெரியும். டம்ளரை வாங்கினாள். பிறகு முழுவதையும் குடித்தாள்.

"ஐயர்கிட்ட சொல்லிடு லோயிசு. அவன் பேரையும் நவம்பர்ல படிக்கட்டும்."

நவம்பருக்குள் அவளும் போய்விட்டாள். ஆராதனைக்கு முன்னால் ஐயர் கேட்டார்: "உங்க வீட்ல யார் யார் பேரும்மா?"

வருடக்கணக்காக அம்மாவிடம் வாதாடியவள், அதிலேயே டாக்டர் பட்டமும் வாங்கியவள்தான் சொன்னாள்:

"அம்மா பேரு மட்டும், ஐயா."

"ஆர்தர்?"

"அது ஞாயித்துக்கெழம ஜெபத்திலயே இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. லோயிஸ் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். ஜெபமணியின் அதே பார்வை. அவள் அம்மாவின் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"மழைக்கு செங்கம்மா கெணத்துல தண்ணி ஊறிக்கீதாம்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.