இடது கையில் இருக்கும் பந்து

வித்தைக்காரனுக்குக் கூட்டத்தைப் பார்த்து பயமில்லை. ரூம்மேட்டைப் பார்த்தால்தான் பயம். வளைகுடாவுக்குப் பிழைக்க வந்து, கராமாவில் ஒரே ரூமில் ஆறு பேராக அடைந்து கிடக்கிற உங்களுக்கு இது சொல்லாமலே புரியும். ஒரு திருவிழாத் திடலில் ‘எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய சந்தை’ என்று செட் போட்டிருக்கிறார்கள். அதில் நான் தெரு வித்தைக்காரன். மூன்று கிண்ணம், ஒரு பந்து, ஒட்டுத் தாடி. அந்தக் காலத்து ஆளும் இதே வித்தையைத்தான் செய்தானாம். அவன் தாடியாவது சொந்தத் தாடி.

அந்தக் காலத்து மனிதர்

முதல் நாள். அங்கி, தலைப்பாகை எல்லாம் கச்சிதம். முன்வரிசையில் ஏழெட்டு வயசுத் தமிழ்ப் பொண்ணு ஒருத்தி வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். அடடா, சொக்கிப் போய்விட்டாள் என்று எனக்கு ஒரே பெருமை. கடைசியில் கையைத் தூக்கிக் கேட்டாள்:

“அங்கிள், எய்ட் ஹண்ட்ரட் இயர்ஸ் முன்னாடியே டிஜிட்டல் வாட்ச் இருந்துச்சா?”

கீழ்க் கட்டில்

ரூமில் நின்றபடி வித்தையைப் பழகுவேன். எதிரே கீழ்க் கட்டிலில் முருகேசன் அண்ணன் படுத்திருப்பார். சிவகங்கைக்காரர், கிரேன் ஆபரேட்டர். நிற்கிறவனுக்குத் தெரியாத பந்து படுத்திருக்கிறவனுக்குத் தெரியும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நூறு தடவை ஒளித்திருப்பேன். நூறு தடவையும் தலையணையிலிருந்து ஒரே பதில்:

“இடது கையில இருக்குடா தம்பி. ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வச்சுட்டுப் போ.”

கைதட்டல்

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடியும் முன் கூட்டம் கலைந்தால் கலாஸ், வித்தை வேலை அதோடு முடிந்தது, திரும்பவும் கிடங்கில் பெட்டி தூக்கு என்று சொல்லிவிட்டார் மேனேஜர். கூட்டம் சேர்க்க வரச் சொல்லி, வெட்கத்தை விட்டு ரூமில் கெஞ்சினேன். ஐந்து பேரும் சட்டைக்கு இஸ்திரி போட்டு, மெட்ரோ ஏறி வந்து, எனக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். தரையில்! அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரியுமே!

பந்தை ஒளித்தேன். அந்த நொடியே ஐந்து பேரும் படபடவென்று தட்டினார்கள். பாவிகளா, கிண்ணத்தைத் திறக்கும்போது அல்லவா தட்ட வேண்டும்! பக்கத்தில் நின்ற ஒரு அம்மா அண்ணனிடம், “இன்னும் ஒண்ணுமே நடக்கலையே, பந்து எங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்றார். கூட்டம் மொத்தமும் அண்ணன் வாயையே பார்த்தது. மேனேஜரும்தான். அண்ணன் அசரவே இல்லை. “தெரிஞ்சா நான் ஏம்மா இப்படி வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்கேன்?” என்றார். ஒரே சிரிப்பு. கடைசிவரை ஒருத்தரும் நகரவில்லை.

நாளையும் வரச் சொல்லிவிட்டார் மேனேஜர். திரும்பும்போது மெட்ரோவில் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டேன், அழுகையே வந்துவிட்டது. அவர் என் காதருகே குனிந்தார்:

“இன்னைக்கும் இடது கைதான்டா.”

எண்ணூறு வருஷமாக வித்தைக்காரன் பிழைப்பு ஓடுவது அவன் கைச் சாமர்த்தியத்தில் இல்லை சார், தெரிந்தும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கிற ஒரு நல்ல மனுஷன் தயவில்தான்.