தண்ணீர் ஊசி

கலீல் ரஹ்மானுக்கு இடது கால் முழுதாக மடங்காது. பள்ளிவாசலில் வரிசை மொத்தமும் மடிந்து உட்காரும்போது அவர் மட்டும் ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். கேட்பவர்களிடம் மாடிப்படியில் விழுந்ததாகச் சொல்வார். தோஹாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் கிளினிக்கில் கம்பவுண்டர் வேலை. முப்பத்தெட்டு வயது, தடித்த கண்ணாடி, முன்பே நரைத்த தாடி. இந்த ஆள் ஒருகாலத்தில் பந்தோடு ஓடினார் என்று யாராவது சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது.

ஓடினார். 1961இல் தூத்துக்குடிப் பக்கம் ஒரு மில்லின் கால்பந்து அணிக்கு சென்டர் ஹாஃப். பந்து ஆடுவதற்காகவே மில்லில் எடுத்துக்கொண்டார்கள். அணியைப் பழக்கியவர் அதே மில்லில் கிளார்க்காக இருந்த உமாபதி. அரையிறுதியில் கலீலின் முழங்கால் வீங்கியது. இறுதி ஆட்டத்தன்று காலையில் உமாபதி வந்து விரலால் அமுக்கிப் பார்த்தார். "வீக்கம்தான் வே, எலும்புல ஒண்ணுமில்ல" என்று தன் கையாலேயே இறுக்கிக் கட்டுப் போட்டுவிட்டார். இரண்டாம் பாதியில், ஈரச் சுள்ளி ஒடிவதுபோல முட்டிக்குள் ஒரு சத்தம். பக்கத்தில் ஓடியவனுக்கே அது கேட்டதாம். மூன்று மாதம் கழித்து மில்லிலிருந்து கடிதம் வந்தது. சொந்தக் கவனக்குறைவால் ஏற்பட்ட காயம், ஆகவே வேலையிலிருந்து நீக்கம். தட்டச்சு செய்தவரின் இனிஷியல் கடிதத்தின் கீழ் மூலையில் இருந்தது. அது உமாபதியின் இனிஷியல்.

அதற்குப் பிறகு ஒரு டாக்டரிடம் எடுபிடி, பிறகு கம்பவுண்டர், பிறகு விசா. எங்கே போனாலும் உமாபதி நினைவில் கூடவே வந்தார். ஊசி கொதிக்க வைக்கும் பாத்திரத்தில் ஆவி எழும்போதுகூடச் சில நாள் அவர் முகம்தான் தெரியும்.

1974இல் அவரே நேரில் வந்தார், கம்பெனியின் பெர்சனல் ஆபீசராக. வந்த வாரத்திலேயே பிரஷர் பார்க்கக் கிளினிக்குக்கு வந்து சட்டைக்கையை மடித்து நீட்டினார். கலீல் பட்டையைச் சுற்றினார்.

"எந்த ஊரு கம்பவுண்டரே?"

"காயல்பட்டினம் பக்கம், சார்."

"அடடே, பந்துக்குப் பேர்போன ஊராச்சே. நீங்க ஆடுவீங்களா?"

"இல்ல சார்" என்றார் கலீல். குழாயில் உமாபதியின் ரத்தம் தட்டித் தட்டிக் கேட்டது. நல்ல திடமான ரத்தம்.

தன்னை மறந்துபோன ஆளை வெறுப்பது எளிதல்ல. அவருக்கு வலிக்காது. கலீல் காத்திருக்கத் தொடங்கினார்.

உமாபதி சும்மா இருக்கவில்லை. ஒரே வருஷத்தில் கம்பெனிக்கு ஓர் அணியை உண்டாக்கினார். அதற்காக ஊரிலிருந்து ஈசா என்ற இருபத்தொரு வயது அதிராம்பட்டினத்துப் பையனை இறக்கினார். பாஸ்போர்ட்டில் ஹெல்பர். ஆனால் சைட்டில் சிமெண்ட் மூட்டை தூக்க வேண்டியதில்லை, ஸ்டோரில் நிழலில் உட்கார்ந்து ஆணி எண்ணினால் போதும். ஆடுகிற வரைக்கும் நிழல், ஆடாவிட்டால் வெயில். அதற்கும் மேலே போனால் ஊருக்கு டிக்கெட். இது எழுதப்படாத ஒப்பந்தம், ஆனால் தொழிலாளர் கேம்ப் முழுக்கத் தெரியும். பத்து வருஷம் மூத்தவர்களை விட்டுவிட்டு அவனையே கேப்டனாகவும் ஆக்கினார்.

தோஹாவின் நஜ்மா பகுதியில், எல்லோருக்கும் அண்ணன் முறையில் காக்காவான மக்தூமின் கடையில் வெள்ளிக்கிழமை பரோட்டாவைவிட இந்தப் பேச்சுதான் அதிகம் வெந்தது.

"கேப்டன்னா நாலு பேரை அதட்டணும்ணே. இவன் வாயில என்ன, கொழுக்கட்டையா?" என்பான் கிரேன் ஓட்டுகிற வேலுச்சாமி. மதுரைக்காரன். ஜெயித்தாலும் திட்டுவான்.

"பந்து பேசினாப் போதாதா? போன மாசம் அவன் குடுத்த பாஸ்ல மூணு கோல்" என்பார் டிராயிங் ஆபீஸ் வெங்கட்ராமன். அவர் ஒவ்வொரு ஆட்டத்தையும் கட்டம் போட்டுக் குறித்து வைப்பவர்.

"போன மாசம் சரி. இந்த மாசம் பின்னாடியே திருப்பித் திருப்பிக் குடுக்குறான். எதுக்க ஆள் வந்தா ஒதுங்குறான். கால்ல ஏதோ இருக்கு."

"கால்ல ஒண்ணுமில்ல, நெஞ்சுலதான்" என்று மக்தூம் கல்லாவிலிருந்தே தீர்ப்புச் சொல்வார். "ரெண்டு பரோட்டா யாருக்கு?"

கலீல் மூலையில் டீயை ஆற்றிக்கொண்டு, நேரம் பார்த்து ஒரு சொல்லைப் போடுவார். "பழக்குறவரு ஓய்வே குடுக்கிறதில்ல போல." அவ்வளவுதான். அடுத்த அரை மணிக்கு உமாபதியின் தலை உருளும். அந்த அரை மணிதான் கலீலின் வாரக் கூலி. ஆனால் அது பசியை அடக்கவில்லை, கிளப்பியது. உமாபதி தோற்க வேண்டும். எல்லோரும் பார்க்கத் தோற்க வேண்டும். யார் தோற்கடித்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

1976 மார்ச்சில் இறுதி ஆட்டம் வந்தது, துறைமுக வேலை எடுத்திருந்த இன்னொரு கம்பெனியோடு. வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி. பெரிய மேனேஜரே வருவதாக ஏற்பாடு. ஜும்மா முடிந்து கலீல் கிளினிக்கைத் திறந்தபோது வாசலில் உமாபதி நின்றிருந்தார். பின்னால் ஈசா.

"டாக்டர் இல்லல்லா?"

"வெள்ளிக்கிழமை சார். டாக்டர் மாஃபி, வரமாட்டார்."

"நல்லதாப் போச்சு. பையனுக்கு முட்டியில லேசா வீக்கம். மரத்துப்போற ஊசி ஒண்ணு போட்டு விடுங்க. ரெண்டு மணி நேரம் தாங்கினாப் போதும்."

கலீல் பையனைக் கட்டிலில் உட்கார வைத்து முட்டியைத் தொட்டார். இடது கால். உட்பக்கம் சூடாக, ஊறிய ரொட்டிபோல இருந்தது. இந்த வீக்கத்தை அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். மரக்கவைத்து ஓட விட்டால் இன்று மாலையோடு இந்தக் கால் முடிந்தது.

"எத்தனை நாளா?"

"மூணு வாரம் காக்கா" என்றான் ஈசா, மெதுவாக.

"வீக்கம்தான்" என்றார் உமாபதி. "எலும்புல ஒண்ணுமில்ல."

அதே வாக்கியம். பதினைந்து வருஷத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை.

மருந்தை எடுக்கக் கலீல் உள்ளறைக்குப் போனார். முதலில் வந்த எண்ணம் நல்ல எண்ணம் அல்ல. கேட்டதையே போட்டுவிடலாம். பெரிய மேனேஜர் கண்முன்னால் பையனின் கால் ஒடியட்டும். ஒடித்தது யார் என்று ஊரே கேட்கட்டும். அதை ஒரு நிமிஷம் வாயில் போட்டுச் சுவைத்துப் பார்த்தார். இனித்தது. பிறகு கை தானாகப் பக்கத்துப் பெட்டிக்குப் போனது. பென்சிலின் பொடியைக் கரைக்க வைத்திருக்கும் தண்ணீர்க் குப்பி. வெறும் தண்ணீர். வலி மரக்காது. ஓட ஆரம்பித்ததும் கத்தும், பையன் தானே நிற்பான், முட்டி பிழைக்கும். உமாபதியின் கோப்பை பிழைக்காது. பையனுக்காகச் செய்தேன் என்று பின்னால் சொல்லிக்கொள்ளலாம். அந்த நேரத்தில் அவர் கண்ணில் நின்றது கோப்பைதான்.

தண்ணீர் மருந்தைவிட எரியும். ஈசா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"எரியுதா? மருந்து நல்லா வேலை செய்யுது" என்றார் உமாபதி. "யல்லா, கிளம்பு."

மணல் மைதானத்தில் முதல் கால் மணி நேரம் ஈசா நம்பிக்கையால் ஓடினான். ஊசி போட்டாயிற்று என்ற நம்பிக்கை. கலீல் கோட்டோரம் நின்று அதையும் பார்த்தார். இருபதாவது நிமிஷம் அவன் திரும்பும்போது முகம் சுருங்கியது. அதன்பின் பந்து வந்தால் பின்னுக்குத் தள்ளினான். கூட்டம் ஊளையிட்டது. இடைவேளைக்கு முன்பே கையை உயர்த்தித் தன்னை எடுக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்து தரையில் உட்கார்ந்தான். அவன் இல்லாத அணி மூன்று கோல் வாங்கியது. பெரிய மேனேஜர் கடைசி விசிலுக்குக் காத்திருக்காமல் காரில் ஏறினார். உமாபதி அந்தக் காரின் புழுதியில் நின்றதைக் கலீல் கண்ணிமைக்காமல் பார்த்தார். பதினைந்து வருஷத்தில் அப்படி வயிறு நிறைந்ததில்லை.

ஒரு மணி நேரம்தான் அது நிறைந்திருந்தது.

மக்தூம் கடையில் நிற்க இடமில்லை. உமாபதியின் தலை உருளும் என்று எதிர்பார்த்துத்தான் கலீல் உள்ளே நுழைந்தார். உருண்டது வேறு தலை.

"கேப்டன் கையைத் தூக்கிக்கிட்டு வெளியே வர்றான். இப்படி எங்கனயாச்சும் உண்டா?" என்றான் வேலுச்சாமி. "கால் ஒடிஞ்சாக் கூட நொண்டிக்கிட்டு நிக்க வேணாமா?"

வெங்கட்ராமன்கூட நோட்டை மூடிவிட்டார். "இருபது நிமிஷத்துக்கப்புறம் ஒரு பாஸ்கூட முன்னால போகலை. என்னத்தைச் சொல்றது."

ஈசா கதவோரம் நின்றுகொண்டிருந்தான். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. அப்போது உமாபதி வந்தார். அவருக்கு நாற்காலி கிடைத்தது.

"காலெல்லாம் பாத்தாச்சு" என்றார் அவர், சோர்ந்த தகப்பன் குரலில். "காலுக்கு ஒண்ணுமில்ல. பயந்துட்டான். என் தப்புதான், சின்னப் பையனை நம்பினேன். முதல் தேதியிலருந்து சைட்டுக்குப் போகட்டும். அங்கயும் முடியலேன்னா கலாஸ், கணக்கு முடிச்சு ஊருக்கு."

நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின. கலீலுக்குள் அந்தப் பழைய கடிதத்தின் வரி ஓடியது. இன்று அந்த வரியை எழுத இடம் கொடுத்தவர் அவரேதான். சும்மா இருந்தால் வேலை பிழைக்கும், உமாபதியும் பிழைப்பார்.

"அவன் காலுக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லாதீங்க சார்" என்றார் கலீல். குரல் தனக்கே அந்நியமாக இருந்தது. "மத்தியானம் மரத்துப்போற ஊசி போடச் சொல்லி நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்க. நான் போட்டது தண்ணி."

மக்தூம் சில்லறை கொடுப்பதை நிறுத்தினார்.

"வெறும் தண்ணி. அந்த முட்டியோட இருபது நிமிஷம் ஓடினதே பெரிசு. மருந்து போட்டிருந்தா இந்நேரம் என்னைமாதிரி ஆயிருப்பான்." கால்சட்டையை மேலே இழுத்துக் காட்டினார். "இது நீங்க கட்டுப் போட்ட கால். அறுபத்தொண்ணு. அப்ப என்னை ரஹ்மான்னு கூப்பிடுவீங்க."

உமாபதி அந்த முட்டியைப் பார்த்தார், பிறகு கலீலின் முகத்தைப் பார்த்தார். கண்ணாடி, தாடி எல்லாவற்றையும் கழற்றிப் பார்ப்பதுபோல. அவர் முகத்திலிருந்து ரத்தம் வடிந்து வெளிறுவதைக் கலீல் சொட்டு விடாமல் வாங்கிக்கொண்டார்.

"அன்னைக்கு நீரும்தான் ஆடுறேன்னு சொன்னீரு வே" என்றார் உமாபதி கடைசியில்.

"வேற என்ன சொல்ல முடியும் சார்? உங்க கையில என் சோறு இருந்துச்சு."

வேலுச்சாமி எழுந்தான். "அப்ப நோவுக்கார பையனுக்கு ஊசி போட்டு ஓட விட்டுட்டு, இங்க வந்து அவன் மேலேயே பழி போடுறீகளா?" அதன் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. உமாபதி டீயைத் தொடாமல் வெளியேறினார். வழிவிட ஆளில்லாமல் இடித்துக்கொண்டுதான் போனார்.

கலீல் கதவுப் பக்கம் திரும்பினார். பையன் நன்றியோடு நிற்பான் என்று அவர் நினைத்திருக்கலாம்.

"என்னைக் கேட்டீங்களா காக்கா?" என்றான் ஈசா.

"தம்பி, உன் காலு..."

"என் காலுதான். அவருக்கு ஒரு கோப்பை வேணும், உங்களுக்கு அவரு வேணும். ரெண்டு பேரும் என் கால்ல ஆடிட்டீங்க. அத்தனை பேரு ஊளையிட்டப்ப நீங்க கோட்டுக்கிட்ட நின்னுட்டிருந்தீங்க. நான் பாத்தேன்." அவன் கத்தவில்லை. கடையில் கடைசி மேஜைவரை கேட்டது.

சனிக்கிழமை காலையில் அவனே நொண்டிக்கொண்டு போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னான். உமாபதியைப் பற்றியும் சொன்னான், கலீலைப் பற்றியும் சொன்னான், யாருக்கும் குறைத்துச் சொல்லவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். ஆறு வாரம் ஓய்வு என்று டாக்டர் எழுதினார். அதனால் அவனுக்கு ஸ்டோரும் நிழலும் தங்கின. உமாபதியிடமிருந்து அணியைப் பிடுங்கினார்கள், நாற்காலியைப் பிடுங்கவில்லை. கலீலுக்குப் புது ஆள் வரும்வரை வேலை, பிறகு டிக்கெட். அந்த நீக்கக் கடிதத்தையும் உமாபதிதான் தட்டச்சு செய்திருந்தார். இந்த முறை கலீல் அதைச் சிரித்துக்கொண்டே வாங்கினார். அந்த ஆளின் கையெழுத்து நடுங்கியிருந்தது.

புது ஆள் வருவதற்கு இருபது நாள் ஆயிற்று. அதுவரை டாக்டர் எழுதிக் கொடுத்த வீக்க ஊசியை வாரம் இரண்டு முறை ஈசாவுக்குக் கலீல்தான் போட வேண்டியிருந்தது. வந்து கட்டிலில் உட்காருவான். சலாம் சொல்வான், வேறு பேச மாட்டான். கலீல் குப்பியை உடைக்கப் போகும்போது கையை நீட்டுவான். கலீல் கொடுப்பார். அவன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஐந்தாவதோடு படிப்பை விட்டவன், மேலே ஒட்டியிருந்த ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிப்பான். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்து, அதோடு ஒத்துப் பார்ப்பான். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை. அதுவரை கலீல் வெறும் ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்.