பரீட்சைக்குப் படுத்த கதை

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு வலது காது அடைத்துக்கொண்டது. சோமனூரில் எங்கள் வீட்டை ஒட்டியே பத்துத் தறி ஓடியதால் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. "இந்தச் சத்தத்துல யாருக்குக் காது கேக்குது கண்ணு?" என்றார் அம்மா. பிறகு காலையில் மூக்கைச் சிந்தினால் லேசாக ரத்தம் வந்தது. சூடு என்று இளநீர் கொடுத்தார்கள். காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி எழும்பிய பிறகுதான் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினோம். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது.

டாக்டர் ஒரு குட்டிக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு அண்ணாக்குக்குப் பின்னால் மேலே பார்த்தார். மூக்கு முடிந்து தொண்டை தொடங்கும் மூலையில் ஏதோ வளர்ந்து, காதுக்குப் போகும் குழாயின் வாயை அடைத்திருந்தது. துணுக்கெடுத்துச் சோதித்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள். அம்மாவும் நானும் இரண்டு நாள் அழுதோம்.

மூன்றாம் நாள் டாக்டர் காரணம் விசாரித்தார். "உப்புப் போட்ட மீன் சாப்பிடுவீங்களா?"

"எங்கூட்ல முட்டைகூட ஒடைக்க மாட்டோமுங்க" என்றார் அம்மா, பெருமையாக.

நான் மின்விசிறியைப் பார்த்தேன். பிறகு, உயிர் விஷயமாயிற்றே என்று, பள்ளிக்கூடத் தோழி வீட்டில் சனிக்கிழமைகளில் தின்ற கருவாட்டுக் குழம்பை ஒப்புக்கொண்டேன். அம்மா கட்டியை மறந்துவிட்டு என்னை முறைத்தார்.

டாக்டர் சிரிப்பை அடக்கினார். "அது சீனாப் பக்கம் கைக்கொழந்தையில இருந்தே ஊட்டுறாங்களே, அவங்களுக்குங்கம்மா. பரம்பரை, புகை, நம்மள்ல முக்காவாசிப் பேர் ஒடம்புல சும்மா கெடக்கற ஒரு வைரஸ், இப்படிப் பல காரணம் சொல்றாங்க. இவங்களுக்கு எதனாலன்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க."

அம்மா நம்பவில்லை. கருவாடுதான் என்று முடிவு கட்டிவிட்டார்.

கரண்டு வைப்பதற்கு முன், அதாவது கதிர்வீச்சு கொடுப்பதற்கு முன், சொத்தைப் பற்களைப் பிடுங்கி ஈறு ஆறும்வரை வார்டில் காத்திருக்கச் சொன்னார்கள். மருத்துவ மாணவர்கள் கூட்டங்கூட்டமாக வந்து என் கழுத்தைத் தடவினார்கள். பேராசிரியர் கேட்பதும் அவர்கள் ஒப்பிப்பதும் நல்ல காதில் விழுந்து விழுந்து எனக்கே பாடம் மனப்பாடமாகிவிட்டது. அதற்குள் அவர்களுக்குப் பரீட்சை வந்தது. பரீட்சை நோயாளியாக என்னைப் படுக்க வைத்தார்கள்.

முதலில் வந்தவன் பேர்கூடக் கேட்காமல் என்னை மூட்டை மாதிரித் திருப்பினான். "காது கேக்குமா?" என்றான்.

"நல்லாக் கேக்குமுங்க" என்றேன். இடது காதைத்தான் சொன்னேன். அவன் எழுதிக்கொண்டு போனான். சாயங்காலம் முகம் தொங்க வந்து, "எந்தக் காதுங்க?" என்று கேட்டபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அடுத்து ஒரு பெண் வந்தாள். "அக்கா, தொடட்டுங்களா?" என்றாள். அவளுக்குக் காது, ரத்தம், கட்டி எல்லாவற்றையும் வரிசையாகக் கொடுத்தேன். "பாக்கறது ஒவ்வொண்ணும் ரெண்டாத் தெரியுதான்னும் கேளு கண்ணு. எனக்கு இல்ல, ஆனாக் கேட்டா மார்க்கு" என்றேன்.

மெட்ராஸிலிருந்து வந்த பரீட்சகர் இந்தப் புற்றில் எத்தனை வகை என்று அவளிடம் கேட்டார். அவள் இரண்டோடு நின்றுவிட்டாள். நான் போர்வை ஓரமாக மூன்று விரலைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டார்.

"நீங்களே சொல்லுங்கம்மா" என்றார்.

"மொத வகை தோலாட்டம் கெட்டிப்படற செல்லுங்க. ரெண்டாவது கெட்டிப்படாது, ஆனா எந்தச் செல்லுன்னு அடையாளம் தெரியுமுங்க. மூணாவதுல அடையாளமே தெரியாதுங்க. நான் மூணாவதுங்க."

"அது நல்லதா, கெட்டதா?"

"சீக்கிரம் பரவுமுங்க. ஆனா கரண்டுக்கு நல்லா அடங்குமுங்க."

அவர் சத்தமாகச் சிரித்தார். பிறகு அவளிடம், "நோயாளி வாயிலேருந்து வாங்கத் தெரியுது. அதுவும் படிப்புதான்" என்றார். அவள் பாஸ்.

எனக்கு ஏழு வாரம் கரண்டு வைத்தார்கள். வாய் வெந்தது, எச்சில் வற்றியது, ருசி செத்தது, பாவாடை இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்தேன். கட்டி கரைந்து போனது. திரும்பி வரவேயில்லை. போன எச்சில் மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. இன்றும் கல்யாணப் பந்தியில் ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிறேன். பக்கத்து இலைக்காரர்கள் காரம் தாங்காதவள் என்று நினைத்துத் தங்கள் பாயசத்தை என் பக்கம் நகர்த்துகிறார்கள். நானும் மறுப்பதில்லை.