பினாயில் அக்காவும் பதினொரு கைப்பிடிகளும்

டிரில்லிங் மெஷினை இரண்டு கையாலும் பிடித்து, தோளைச் சுவரில் முட்டுக்கொடுத்து, அவள் டைல்ஸில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள். வயது அறுபத்தொன்று. கண்ணுக்குப் பழைய மூக்குக்கண்ணாடி, வாய்க்கு ஒரு துணி. மாடிக் குளியலறை முழுக்க வெள்ளைத் தூசி. எஃகுக் கைப்பிடியின் மறுமுனை என் கையில் இருந்தது.

"ஆட்டாத. நோயாளி கையப் பிடிக்கிற மாதிரி பிடிக்காத. திருடன் கையப் பிடிக்கிற மாதிரி பிடி."

அது பதினொன்றாவது கைப்பிடி. இரண்டு குளியலறைக்கும் நான்கு நான்காக எட்டு, கட்டிலோரம் ஒவ்வொன்றாக இரண்டு, நடைச்சுவரில் நீளமாக ஒன்று. அந்த நடைக் கைப்பிடிதான் கடைசி என்று நினைத்திருந்தேன். நடையை முதலிலேயே முடித்துவிட்டாளாம். கடைசித் திருகாணியை இறுக்கிவிட்டு, தன் முழு எடையையும் அதில் தொங்கவிட்டுப் பார்த்தாள். கைப்பிடி அசையவில்லை.

முதியோர் இல்லத்தில் அவள் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தாள். நான் இருபத்தாறு வருஷம். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, கடைசியில் கண்ணை மூடிவிடுவது. எங்களுக்குள் பெரிய நட்பு என்று சொல்ல மாட்டேன். அவளுக்குக் கெட்ட வாய். ஆனால் எழுபது கிலோ ஆளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டுமென்றால் எதிர்ப்பக்கம் அவள் நின்றால்தான் எனக்கு நிம்மதி. இரண்டு பேரும் ஓய்வு பெற்ற பிறகு அவள் கூப்பிட்டபோது நான் போனதும் அதனால்தான்.

பினாயில் என்ற பெயரை அவளுக்கு வைத்தது அவள் தம்பியின் பிள்ளைகள். வேலை முடிந்து வருகிறபோது அந்த வாசனைதான் அவளுக்கு முன்னால் வீட்டுக்குள் நுழையுமாம். பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். தம்பி அந்தப் பெயரை விடவில்லை. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னான், பிறகு முகத்துக்கு நேராகவே.

அப்பா விட்டுப்போன வீடு. கீழ்த்தளம் தம்பிக்கு, மாடி அவளுக்கு. கடல் பக்கத்தில் இருக்கிற ஊர். வெயில் காலம் வந்தால் நாலு மாதம் வெளியூர்க்காரர்கள் குவிவார்கள், தங்க இடம் கிடைக்காமல் அலைவார்கள். ஹோட்டல் கட்டுகிற ஒருவர் இந்த வீட்டைக் கேட்டிருந்தார். மொத்தமாகக் கொடுத்தால்தான் வாங்குவேன் என்றார். தம்பி தயார். அக்காவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"வித்துட்டு நான் எங்கடா போறது?"

"உனக்கென்ன, நீ வேலை பார்த்த இடமே இருக்கு. தெரிஞ்சவங்க, தெரிஞ்ச கட்டில்."

சொன்னதோடு நிற்கவில்லை. அந்த இல்லத்தில் சேருவதற்கான விண்ணப்பப் படிவத்தை வாங்கி வந்து, அவள் பெயரையும் வயதையும் தானே எழுதி, கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனான். அவள் அதை என்னிடம் காட்டினாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "அங்க எனக்கு ஊட்டப் போறது யாரு தெரியுமா? நான் பழக்கிவிட்ட பொண்ணுங்க. அவங்க எவ்வளவு அவசரமா ஊட்டுவாங்கன்னு எனக்குத் தெரியும். பழக்குனதே நான்தானே."

ஓய்வூதியம் சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் சரியாகப் போகும். உடம்பு விழுந்தால் வீட்டோடு ஒரு ஆளை வைத்துக்கொள்ள அது போதாது. மாடியின் இரண்டு அறைகளையும் சீசனுக்கு வாடகைக்கு விட்டு, தான் மாடிச் சமையலறையில் படுத்துக்கொண்டால் போதும். அவள் போட்டது இந்த ஒரே கணக்குதான். தம்பியிடம் நேராகச் சொன்னாள்: "சீசன் முதல் மாசம் ரெண்டு ரூமும் நிரம்பலன்னா நானே வந்து கையெழுத்து போடறேன். நிரம்பிச்சுன்னா நீ வாய மூடணும்."

"சரி பினாயில்" என்றான் அவன். அன்று சாயங்காலமே ஹாலுக்குள்ளிருந்து மாடிக்குப் போகிற கதவைப் பூட்டினான். "கண்டவனும் பெட்டியத் தூக்கிட்டுப் போக என் ஹால் என்ன பஸ் ஸ்டாண்டா?"

அவள் வெளிச்சுவரோடு இரும்புப் படி வைத்தாள். இருபத்திரண்டு படி. தம்பியின் சமையலறை ஜன்னலுக்கு எதிரே அது இறங்கியது. வேண்டுமென்றே செய்தாளா என்று நான் கேட்கவில்லை.

மூன்று மாதம் வேலை நடந்தது. மேஸ்திரி நல்ல வேலைக்காரர், வாய்தான் கொஞ்சம் நீளம். அவள் சொல்லச் சொல்லச் செய்துவிட்டு ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்தார். "அக்கா, வரப்போறது விருந்தாளியா, நோயாளியா? சொன்னீங்கன்னா அதுக்கேத்த மாதிரி பூசுவேன்."

"ரெண்டு பேரும் வழுக்கி விழுவாங்க. பேசாம பூசு."

அவர் பூசினார். தோள் உயரம் வரை கழுவ வசதியாகப் பச்சை ஆயில் பெயிண்ட். கால் ஊன்றி எழுந்திருக்கத் தோதான உயரத்தில் கட்டில்கள். மெத்தைக்கு மேலே ரப்பர் ஷீட், அதற்கு மேலே சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி. தலைமாட்டில் அழைப்பு மணி. குளியலறைக் கதவில் அவளே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிய தாள்: உள்ளே தாழ்ப்பாள் போட வேண்டாம்.

எல்லாம் முடிந்த அன்று இரண்டு பேரும் நடையில் நின்று பார்த்தோம். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இவ்வளவு சுத்தமான அறையை நான் பார்த்ததில்லை என்றுதான் தோன்றியது. இத்தனை வருஷம் ஒரே மாதிரி அறைகளைப் பார்த்த கண்ணுக்கு வேறென்ன தெரியும்?

புரோக்கர் முதல் குடும்பத்தை அழைத்து வந்தார். புருஷன், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். நாங்கள் வெளிப்படியின் மேல்தட்டில் நின்றுகொண்டோம். அவர்கள் உள்ளே போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது எங்களுக்குத் தெளிவாகவே கேட்டது.

"ஏங்க, இங்க யாரோ ரொம்ப நாள் படுத்துக் கிடந்து செத்திருக்காங்க போல."

"ச்சே, சும்மா இரு."

"ரப்பர் ஷீட்டப் பாருங்க. கதவுல எழுதியிருக்கறதப் படிங்க. நான் குளிக்கும்போது யாரு வந்து பார்க்கப் போறாங்களாம்?"

அந்த நேரம் பார்த்துச் சின்னப் பெண் அழைப்பு மணியை அழுத்தினாள். பினாயிலுக்கு யோசிக்க நேரமில்லை. முப்பத்தொரு வருஷத்துப் பழக்கம். மணி அடித்ததும் பாய்ந்து உள்ளே போய், "விழுந்துட்டீங்களா? அசையாதீங்க, அசையாதீங்க!" என்று அந்தப் புருஷனின் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தாள்.

பத்து நிமிஷத்தில் அவர்கள் படியிறங்கிவிட்டார்கள். புரோக்கர் கடைசியாக இறங்கினார். பாதிப் படியில் நின்று திரும்பினார்.

"ஏம்மா, ஜனங்க இங்க சந்தோஷமா இருக்க வர்றாங்க. சாகறத ஞாபகப்படுத்தறதுக்கு வாடகை யாரு குடுப்பா? நாளைக்குப் பதினோரு மணிக்கு எட்டுப் பேர் கொண்ட குடும்பம் ஒண்ணு வருது. ரெண்டு ரூமும் கேக்கறாங்க. அதுவும் இப்படிப் போச்சுன்னா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

நாங்களும் இறங்கினோம். கீழே தம்பி முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். கச்சேரி கேட்க வந்தவன் மாதிரி காலை நீட்டியிருந்தான்.

"என்ன பினாயில், உன் பேஷண்ட் எல்லாம் ஒரே நேரத்துல டிஸ்சார்ஜா?"

"வாய மூடுடா."

"கையெழுத்துக்குப் பேனா கொண்டு வரவா, உன்கிட்டயே இருக்கா?"

"இடுப்பு உடைஞ்சு கிடந்தவங்களத் தூக்கியிருக்கியாடா நீ? ஒரு கைப்பிடி இருந்திருந்தா நடந்துட்டிருப்பாங்க. எத்தன பேரு தெரியுமா? அப்பா விழுந்தப்போ கூட நீ டாக்ஸி பிடிக்கப் போறேன்னு போனவன்தான். பொழுது சாஞ்சப்புறம் வந்த."

அவன் முகம் மாறியது. சிரிப்பு போய்விட்டது. எழுந்து வந்து இரும்புப் படியின் முதல் படியில் செருப்பால் ஒரு தட்டு தட்டினான்.

"சரி, நான் ஒண்ணுக்கும் உதவாதவன். நீதான் பெரிய மேதாவி. ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. இந்த இருபத்திரண்டு படி ஏற முடிஞ்சவனுக்கு மேல கைப்பிடி எதுக்கு? கைப்பிடி வேணுங்கறவன் இந்தப் படிய எப்படி ஏறுவான்? தோள்ல தூக்கிட்டு வருவியா?"

அவள் படியை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். நானும் அந்தப் படிகளைப் பார்த்தேன். மூன்று மாதமாகத் தினமும் மூட்டு வலியோடு அதில் ஏறி இறங்கியவள் நான். ஒருநாள்கூட எனக்கு அது தோன்றவில்லை. மேஸ்திரிக்குத் தோன்றியிருக்கும். சம்பளம் கொடுப்பவளிடம் எவ்வளவுதான் சொல்வார்?

அவள் மேலே போனாள். நான் பின்னால் போனேன். அழுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அவள் அழுது நான் பார்த்ததில்லை. எதையாவது உடைப்பாள் என்று எதிர்பார்த்தேன். நடைச்சுவர் கைப்பிடியைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்த்தாள்.

"அந்த நாய் சொல்றது சரிதான்" என்றாள். "ஸ்க்ரூ டிரைவர் எங்க வச்ச?"

"இப்பவா? இருட்டப் போகுது."

"அப்போ காலைல. ஆறு மணிக்கு வா. ஆறரைக்கு வந்தன்னா வராத."

ஐந்தே முக்காலுக்குப் போனேன். அவள் ஏற்கெனவே நான்கைக் கழற்றித் தரையில் அடுக்கியிருந்தாள். ஒரு கைப்பிடிக்கு ஆறு ஓட்டை. வெள்ளைச் சிமெண்டைக் குழைத்து நான் அடைத்துக்கொண்டே வந்தேன், அவள் கழற்றிக்கொண்டே போனாள். டைல்ஸ் விரிசல் விட்ட இடங்களில் துணி மாட்டும் கொக்கியை அடித்தாள். அழைப்பு மணியைப் பிடுங்கினாள். தாளைச் சுரண்டினாள். ரப்பர் ஷீட்டைச் சுருட்டிப் பரணில் எறிந்தாள். பச்சைச் சுவரை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஜன்னலை எல்லாம் திறந்து போட்டோம், வெளிச்சம் வந்தது. அதற்கு மேல் நேரமில்லை.

பதினோரு மணிக்கு எட்டுப் பேர் வந்தார்கள். ஆளுக்கொரு பெட்டி. வந்து பார்த்தால் தம்பியின் கார் இரும்புப் படியை முட்டிக்கொண்டு நிற்கிறது. முதல் படியில் கால் வைக்க இடமில்லை. சமையலறை ஜன்னலில் அவன் தலை தெரிந்தது.

புரோக்கர் என்னைப் பார்த்தார், நான் அவளைப் பார்த்தேன். அவள் தம்பியைக் கூப்பிடவில்லை. புடவையைத் தூக்கிச் செருகினாள். சிமெண்ட் ஒட்டிய செருப்போடு காரின் பானெட் மேல் ஏறி நின்று, வந்தவர்களைப் பார்த்து, "பெட்டிய இப்படிக் குடுங்க" என்றாள்.

முதல் பெட்டி கைமாறிப் படிக்குப் போவதற்குள் அவன் சாவியோடு ஓடி வந்துவிட்டான்.

"இறங்குடி! பெயிண்ட் போகுது! எடுக்கறேன், இறங்கு!"

"எடு. நாலு மாசத்துக்கு இங்க விடாத."

அவன் எடுத்தான். எட்டுப் பேரும் மேலே போனார்கள். அறைகளைப் பார்த்தார்கள், ஜன்னலைப் பார்த்தார்கள், கடல் தெரிகிறதா என்று பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். பெரியவர் மட்டும் சுவர் ஏன் இவ்வளவு பச்சை என்று கேட்டார். "மலிவாக் கிடைச்சுது" என்றாள். அவர் சிரித்துவிட்டு இரண்டு அறையையும் மாதம் முடியும் வரை எடுத்துக்கொண்டார்.

அவள் கீழே வந்தாள். தண்ணீர் பட்டுக் கல்லாகிப் போன சிமெண்ட் மூட்டைகள் இரண்டு முற்றத்து மூலையில் கிடந்தன. கார் நின்ற இடத்துக்கு அவற்றை இழுத்து வந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாள். இரண்டாவதை நான் எதிர்ப்பக்கம் பிடித்தேன்.